முதுகு இல்லாத இரண்டு சட்டைகள்

ஜூன் 8, ஞாயிறு

இன்று காலை என் லேபின் கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, என் சட்டையின் முதுகை நானே கத்தரித்தேன். ஐம்பத்திரண்டு வயது. ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு என் கையால் செய்தது. பல் செட் செய்கிறவன் பொய்ப் பல்லோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா? பொய்ச் சட்டை வரைக்கும் போயாயிற்று.

எதற்கென்று எழுதிவிடுகிறேன், வேறு யாரிடம் சொல்வது. எங்கள் ஃப்ளையிங் கிளப்பில் ஒரு வழக்கம். மாணவன் முதல்முறை டீச்சர் இல்லாமல் தனியாக ஒரு சுற்றுப் பறந்து இறங்கியதும், டீச்சர் அவன் சட்டையின் முதுகைச் சதுரமாக வெட்டி, அதில் பெயரும் தேதியும் எழுதுவார். அந்தக் காலத்து விமானங்களில் மாணவன் முன்னால், வாத்தியார் பின்னால். தப்புச் செய்தால் சட்டையைப் பிடித்து இழுப்பாராம். இனி இழுக்க வேண்டாம், அதனால் துணியும் வேண்டாம்.

நேற்றுச் சகலை குடும்பம் சாப்பிட வந்தது. மனைவியின் தங்கை கணவர், என்னைவிட இரண்டு வயது இளையவர், அதைத் தவறாமல் சொல்கிறவர். போன மாதம் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போனாராம். நாற்பத்து மூன்று போட்டோ. எல்லாவற்றிலும் மீன் பயந்திருக்கிறது, இவர் சிரிக்கிறார். என் மனைவி ஒவ்வொன்றுக்கும், "இந்த வயசுல எவ்வளவு தைரியம் பாருங்க" என்றாள். பாருங்க, பாருங்க. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். இருபதாவது போட்டோவில் என் வாய் தானாகத் திறந்தது.

"நான்கூட இன்னைக்குத் தனியாப் பறந்துட்டேன்."

உண்மையில் நேற்று நான் செய்தது இரண்டு டீ குடித்தது. எங்கள் குட்டி விமானத்தின் எஞ்சினைக் கழற்றி மேஜைமேல் வைத்துத் துணி போர்த்தியிருந்தார்கள். மெக்கானிக் என்னைப் பார்த்து, "இன்னைக்கு இல்ல" என்றார். அவருடைய அன்றைய பேச்சு அவ்வளவுதான். கிளம்பும்போது கிளப் ஆபீஸைப் பார்த்துக்கொள்கிற அம்மா, "வீட்ல இருந்து போன் வந்தது சார். மாடிப்படிக்குப் பல்பு வாங்கிட்டு வரணுமாம்" என்றார். அதையும் வாங்கவில்லை.

சகலை உடனே கேட்டார்: "அப்ப வெட்டின சட்டை எங்க சகலை?"

இந்தச் சட்டை வழக்கத்தைப் போன வருடமே அவரிடம் பெருமையாகச் சொல்லித் தொலைத்திருந்தேன்.

"லேப்ல இருக்கு."

இப்போது நிஜமாகவே லேபில் இருந்தது. நீலக்கோடு போட்ட சட்டை, மனைவி எடுத்துக் கொடுத்தது. பிளாஸ்டர் மேஜையில் விரித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வெட்டினேன். டீச்சர் எழுத்து மாதிரி தெரிய என் பெயரையும் 'ஜூன் 7' என்றும் இடதுகையால் எழுதினேன்.

மாலையில் மனைவி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். "டீச்சர் எழுத்தும் உங்க எழுத்து மாதிரியே கோணலா இருக்கே."

"நின்னுக்கிட்டே எழுதினாங்க."

தலையை ஆட்டினாள். தப்பித்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

துணிக்குக் கண்ணாடிச் சட்டம் போடப் போகிறாளாம். வேண்டாம் என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். "இருபத்தாறு வருஷத்துல நீங்க பண்ண ஒரே வீரச் செயல். அதைப் பீரோவுல மடிச்சு வைக்கச் சொல்றீங்களா?" என்று பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்.

ஜூன் 13, வெள்ளி

சட்டம் வந்துவிட்டது. தேக்கு நிறம், ஓரத்தில் தங்கக் கோடு. ஹாலில் நான் சாப்பிட உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறாள். தட்டிலிருந்து தலை தூக்கினால் அதுதான்.

"வேற சுவரே இல்லையா வீட்ல?"

"நீங்க பாத்துக்கிட்டே சாப்பிடலாம்னுதான்."

என்ன அன்பு. இரண்டு வாயோடு எழுந்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

எஞ்சின் இன்னும் மேஜைமேல். போர்வை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய இடி, ஆபீஸ் அம்மா எல்லா மாணவர் வீட்டுக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறார். ஆகஸ்ட் 24, கிளப் திறந்தநாள், வெளியாட்கள் வந்து பார்க்கிற நாள். குடும்பத்தோடு வரலாம். 'தனியாகப் பறந்து முடித்த மாணவர்கள் ஆளுக்கு ஒரு சுற்று பறந்து காட்டுவார்கள்.' நான் படித்து முடிப்பதற்குள் மனைவி, 'நாங்க அஞ்சு பேர் வர்றோம்' என்று பதில் போட்டுவிட்டாள். சகலை கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். அவர் விரலை எனக்குத் தெரியும், அது வாழ்த்து இல்லை.

திறந்தநாளுக்கு முந்தின சனி பந்தல் வேலை, பறப்பு கிடையாது. இன்றையதும் போனால் மீதி ஒன்பது சனிக்கிழமை. அதற்குள் நிஜமாகத் தனியாகப் பறந்தே ஆக வேண்டும். பறந்துவிட்டால் பொய் பொய்யாக இருக்காது, கொஞ்சம் முன்கூட்டியே சொன்ன உண்மை ஆகிவிடும். இப்படி யோசித்ததுமே கொட்டாவி வருகிறது, ராத்திரி நன்றாகத் தூங்குவேன்.

ஜூன் 21, சனி

மேகம் தண்ணீர்த்தொட்டி உயரத்துக்கு இறங்கி உட்கார்ந்திருந்தது. எஞ்சின் மேலே ஏறிவிட்டது, நான் ஏறவில்லை.

ஜூன் 28, சனி

ஒருவழியாகப் பறந்தேன், டீச்சரோடு. ஆறு சுற்று.

விமானத்துக்குக் கிளப்பில் வைத்த பெயர் 'தையல் மெஷின்'. சத்தம் அப்படி. இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரலாம், மூன்றாவதாக ஒரு கைப்பை வைக்கலாம். டீச்சருக்கு முப்பது வயதுகூட இல்லை. என்னை 'சார்' என்பார், திட்டும்போதும் 'சார்'தான். சார் போட்டுத் திட்டு வாங்குவதில் ஒரு தனிக் கசப்பு இருக்கிறது.

மேலே போகும்வரை நான் ராஜா. கீழே வயல், சாலை, பொம்மை லாரி, எல்லாம் எனக்குக் கீழே. ஏன் இதில் வந்து சேர்ந்தேன் என்று யாராவது கேட்டால் அந்த நாலு நிமிஷத்தைத்தான் காட்டுவேன். நாள் முழுக்க அடுத்தவன் வாயின் அச்சைக் குனிந்து பார்க்கிறவனுக்கு, குனியாமல் பார்க்க ஏதாவது வேண்டாமா?

பிறகு இறங்க வேண்டும். அங்கேதான் சனி. சக்கரம் தரையைத் தொடுகிற நேரத்தில் விமானம் வலதுபக்கம் திரும்பி ஓடுகிறது. ஒரு தடவை இல்லை, ஆறு தடவையும்.

"சார், வலதுகால் பெடலை ஏன் அமுக்கறீங்க? அதான் வலதுபக்கம் திருப்புது."

"நான் அமுக்கலியே."

"என் காலுக்குக் கீழயும் அதே பெடல்தான் சார் இருக்கு. நீங்க அமுக்கறது எனக்குத் தெரியுது."

"காற்றா இருக்கும்."

டீச்சர் கம்பத்தில் காற்றின் திசை காட்டுகிற காற்றுப்பையைக் காட்டினார். அது துவைத்துக் காயப்போட்ட காலுறை மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆறாவது முறை விழுந்த வேகத்தில் என் கடைவாய்ப் பல்லின் உறை கழன்று நாக்கில் வந்து நின்றது. என் சொந்தத் தயாரிப்பு. பத்து வருட உத்தரவாதம் கொடுத்து நானே எனக்குப் போட்டுக்கொண்டது.

ஜூலை 5, சனி

ஓடுபாதையில் ஆடுகள். பதினெட்டு. மேய்ப்பவரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் காற்று ஏறிவிட்டது. டீச்சர் அட்டவணையில் என் பெயருக்கு எதிரே 'ஆடு' என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில்தான், இருந்தாலும்.

ஜூலை 12, சனி

எட்டு சுற்று. எட்டும் வலதுபக்கம். கடைசியில் ஓரப் புல்லில் இறங்கி நின்றோம். டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து இருட்டில் மாடிப்படியில் முட்டியை இடித்துக்கொண்டேன். பல்பு.

ஜூலை 13, ஞாயிறு

சகலை போன் செய்தார். திறந்தநாளுக்குப் பெரிய கேமரா வாங்கப் போகிறாராம். "நீங்க இறங்கறதை அப்படியே ஸ்லோமோஷன்ல எடுக்கறேன் சகலை." எடுப்பார், எடுப்பார். ஸ்லோமோஷனில் நான் புல்லுக்குள் போவதைக் குடும்பமே பார்க்கும்.

ஒரு விஷயம், இந்த நோட்டுக்கு மட்டும். சகலையின் மேல்வரிசை முன்பல் இரண்டு என் கைவேலை. மலையேறும்போது பாறை உருண்டு வந்து பட்டதில் போனது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கொழுந்தியாள் அந்தப் பாறைக் கதையை அழுதுகொண்டே எல்லோருக்கும் சொல்வாள். உண்மையில் அவர் மலைக்குப் போகவே இல்லை. அடிவாரத்து ஓட்டலில் கண்ணாடிக் கதவு திறந்திருப்பதாக நினைத்துக்கொண்டு வேகமாக நடந்திருக்கிறார். நிறம் பொருத்தம் பார்க்க என் லேபுக்கு வந்தவர், "சகலை, நமக்குள்ளயே இருக்கட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு வருடமாக இருக்கிறது. நான் என்ன பேச்சுக்காரனாக இருந்தாலும் தொழில் விஷயம் வெளியே போகாது.

ஜூலை 19, சனி

டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பறக்கவில்லை. அவருக்குப் பேச முடியாத அன்றுதான் நான் பறந்திருக்க வேண்டும்.

ஜூலை 26, சனி

எனக்கு மூன்று மாதம் பின்னால் சேர்ந்த ஒரு பெண், வங்கியில் வேலை, இன்று தனியாகப் பறந்துவிட்டாள். எல்லோரும் புல்தரையில் நின்று பார்த்தோம். தையல் மெஷின் பூப்போல வந்து நடுக்கோட்டில் உட்கார்ந்தது. நான்தான் அதிகம் கைதட்டினேன், உள்ளே என்ன எரிந்தது என்று கேட்கக் கூடாது.

டீச்சர் கத்தரிக்கோலோடு வந்தார். அப்போதுதான் கவனித்தேன், நிஜத் துணி கோணல்மாணலாக இருக்கிறது. வியர்வையில் நனைந்து சுருண்டு, ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. எங்கள் ஹாலில் தொங்குவது ஸ்கேலால் வெட்டியது. நல்லவேளை, வீட்டில் யாரும் வேறு துணியைப் பார்த்ததில்லை.

அந்தப் பெண்ணின் துணியைக் கிளப் சுவரில் குத்தினார்கள். திறந்தநாள்வரை சுவரில் இருக்கும், அன்றைக்குத்தான் வீட்டாரிடம் கொடுப்பார்கள். இந்தப் பகுதியை நான் வீட்டில் சொல்லவில்லை. வெட்டியதும் கையோடு கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

இன்று கெஞ்சினேன். எழுதவே கூசுகிறது.

ஏழு சுற்றுக்குப் பிறகு, எஞ்சினை அணைத்ததும், எல்லாவற்றையும் டீச்சரிடம் கொட்டிவிட்டேன். சகலை, மீன், நாற்பத்து மூன்று போட்டோ, சட்டை, சட்டம், சாப்பாட்டு நாற்காலி எல்லாம். ஒரே ஒரு சுற்று தனியாக அனுப்பினால் போதும், என்ன நடந்தாலும் என் பொறுப்பு என்றேன்.

டீச்சர் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு கேட்டார்: "சட்டையை நீங்களேவா வெட்டினீங்க?"

"ஆமா."

"நேரா வெட்டினீங்களா?"

"நேராத்தான்."

"அப்பக் கையில பிரச்சினை இல்ல சார். கால்லதான்."

சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. "உங்க சகலைக்காக நான் உங்களைத் தனியா அனுப்ப மாட்டேன் சார். அந்தப் புல்லைத் தாண்டினா பள்ளம் இருக்கு. நான் பக்கத்துல இருக்கறதால இடதுகாலைப் போட்டுத் திருப்பறேன். நான் இல்லாத அன்னைக்கு?"

எனக்கு அந்தப் பள்ளம் இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இனி போக மாட்டேன். போதும். யாருக்கு நிரூபிக்க? எனக்கு என்ன தலையெழுத்தா? திறந்தநாளன்று காய்ச்சல் என்று படுத்துக்கொள்கிறேன். வருஷா வருஷம் அன்றைக்குக் காய்ச்சல் வரட்டும். என்ன கெட்டுப் போச்சு?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சாப்பிடும்போது சட்டத்தைப் பார்க்காமல் இருக்க நாற்காலியை மாற்றிப் போட்டேன். மனைவி வந்து பழையபடி திருப்பிப் போட்டுவிட்டாள். "ஃபேன் காத்து அங்க வராதுங்க."

ஆகஸ்ட் 7, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். அவசரத்தில் எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

மதியம் லேபில் ஒரு கீழ்வரிசை செட்டுக்கு ஓரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தேய்க்கிற மோட்டாருக்குக் கால்பெடல் உண்டு, தையல் மெஷினுக்கு இருப்பதைப் போல. அமுக்கினால் சுழலும், இன்னும் அமுக்கினால் வேகம். நுணுக்கமான இடம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கை மெதுவாக, மெதுவாக… அப்போது மோட்டார் 'ஙொய்' என்று அலறியது. குனிந்து பார்த்தேன். என் வலதுகால் பெடலைத் தரையோடு தரையாக அமுக்கிக்கொண்டிருந்தது. நான் சொல்லவில்லை. அதுவாக.

இருபத்தெட்டு வருடம். கைக்கு நுணுக்கமான வேலை வந்தால் வலதுகால் அமுக்கும். தரை நெருங்கி, மூச்சைப் பிடித்து, கையால் விமானத்தின் மூக்கை மெதுவாகத் தூக்கு என்கிற நொடியில் அது என்ன செய்யும்? பல் தேய்க்கிறது, ஓடுபாதையில்.

டீச்சர் சொன்னபோதெல்லாம் இல்லை இல்லை என்று சாதித்தேனே. காற்று என்றேன். ஆட்டைக்கூடச் சொன்னேன்.

மோட்டார்ப் பெட்டியில் கையால் திருகுகிற குமிழ் ஒன்று இருக்கிறது, வாங்கிய நாள்முதல் தொட்டதில்லை. பெடலைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, குமிழுக்கு மாறி, இரண்டு காலையும் நாற்காலிமேல் மடித்து வைத்துக்கொண்டு வேலை செய்தேன். லேப் பார்ட்னர் எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா, சம்மணம் போட்டுப் பல்லு பண்ற?"

"டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டரு, பல்லு டாக்டரா?"

சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

போகலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தேன். ஞாயிறன்று இந்த நோட்டில் சபதம் செய்தவன் அல்லவா. மனைவி என் கான்வாஸ் ஷூவைத் துவைத்து வாசலில் காயவைத்திருந்தாள்.

"நாளைக்குப் போகலியா?"

"ஒரு தடவைதான் பறந்தாச்சே."

"ஒரு தடவை பறந்தாப் போதுமா? விட்டா மறந்துடும். போங்க."

இவளுக்கு ஏன் இவ்வளவு ஆர்வம்?

ஆகஸ்ட் 9, சனி

ஒன்பது சுற்று. முதல் மூன்று வலதுபக்கம். நாலாவது கொஞ்சம் வலது. அடுத்த ஐந்தும் நேராக, நடுக்கோட்டில், எந்தப் பள்ளத்துக்கும் வேலை இல்லாமல். டீச்சரிடம் மோட்டார்ப் பெடலைப் பற்றிச் சொன்னேன். "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே சார்."

"எனக்கே முந்தாநாள்தான் தெரியும்."

தனியாக அனுப்புவார் என்று பார்த்தேன். "இது ஒரு நாள் நல்லா வந்திருக்கு. அடுத்த சனியும் வந்தாப் பாக்கலாம்." அடுத்த சனிதான் கடைசிச் சனி. பல்லைக் கடித்துக்கொண்டேன், உறை கழலாத பக்கம்.

ஆகஸ்ட் 16, சனி

காலை ஏழு இருபதுக்கு, மூன்று சுற்று முடிந்ததும், டீச்சர் ஓடுபாதை ஓரத்தில் நிறுத்தச் சொன்னார். பெல்ட்டைக் கழற்றினார். கதவைத் திறந்து இறங்கினார். என்ன உடைந்ததோ என்று நானும் பெல்ட்டைக் கழற்றினேன்.

"நீங்க எங்க சார் இறங்கறீங்க?"

கதவைச் சாத்திவிட்டு நடந்து போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் எடை இல்லாததால் தையல் மெஷின் பாதி ஓடுபாதையிலேயே எழும்பிவிட்டது. பக்கத்து இருக்கையில் பெல்ட் மட்டும் கிடந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. அந்த அமைதி தாங்காமல் நானே சத்தமாகத் திட்டிக்கொண்டேன், அவர் குரலில்: "சார், காலு. சார், காலு." வயல் வந்தது, சாலை வந்தது, லாரி வந்தது. எதையும் பார்க்கவில்லை. இத்தனை நாள் எதற்காக ஏங்கினேனோ அதை ஒரு கண்கூடப் பார்க்காமல், என் கால் கட்டைவிரலையே நினைத்துக்கொண்டு ஒரு முழுச் சுற்று சுற்றினேன்.

இறங்கினேன். நேராக.

டீச்சர் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார். வெள்ளைச் சட்டை, நல்லது. முதுகில் குளிர்ந்த இரும்பு பட்டது, துணி கிழிகிற சத்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சொன்னேன். மெக்கானிக் கைகொடுத்து, "நல்லா இருந்தது, உட்கார்ந்தது நேரா" என்றார். நாலு வார்த்தை. ஒரே நாளில்.

அப்புறம் டீச்சர் பெரிய எழுத்தில் என் பெயரையும் கீழே '16 ஆகஸ்ட்' என்றும் எழுதி, சுவரின் நட்டநடுவில் குத்தினார்.

பதினாறு ஆகஸ்ட். சுவரில். அடுத்த ஞாயிறு மனைவி, சகலை, கொழுந்தியாள் எல்லோரும் வந்து நிற்கப் போகிற சுவரில். வீட்டில் தொங்குவது ஜூன் ஏழு.

ஐயோ.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

என் வாழ்நாளில் உருப்படியாக ஒன்று செய்தேன். அதை ஒருத்தரிடமும் சொல்ல முடியாது. சொன்னால், "அதான் ஜூன்லயே பறந்துட்டீங்களே" என்பார்கள்.

நேற்று முதுகில்லாத சட்டையோடு வீடு வந்து, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து, சுவரோடு சுவராக அறைக்குள் போனேன். மனைவி சமையலறையிலிருந்து, "எப்படிப் போச்சு?" என்றாள்.

"வழக்கம்போலத்தான்."

இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. யாருக்கு வரும் இந்த நிலைமை? உண்மையை ஒளிக்க, பொய்யைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

டீச்சருக்குப் போன் செய்தேன். ஒரே ஒரு நாளைக்குத் துணியை எடுத்து வைக்க முடியுமா? குறைந்தபட்சம் தேதி தெரியாமல் மடித்துக் குத்த முடியுமா?

"உங்க காலுக்குக் கிடைச்சது சார் அது. நான் எடுக்க மாட்டேன்." வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

விடிந்ததிலிருந்து குறுக்குக் காற்று. காற்றுப்பை விறைத்துப் பக்கவாட்டில் நின்றது. பறப்பது ரத்து. இரண்டரை மாதமாக எதற்குச் செத்தேனோ அது பத்தே நொடியில் ரத்து. சகலையின் புதுக் கேமராவுக்கு எடுக்க ஒன்றும் இல்லை. எல்லோரும் உள்ளே வந்து பிஸ்கட் சாப்பிட்டார்கள். பிஸ்கட் தீர்ந்ததும் பார்க்க இருந்தது சுவர் ஒன்றுதான்.

ஐந்து துணிகள். சகலை கேமராவைத் தூக்கிக்கொண்டு நடுவில் இருந்ததன் முன்னால் போய் நின்றார். கொழுந்தியாள், "அத்தான் பேரு போட்டிருக்கே. அத்தான் துணி வீட்லல்ல இருக்கு?" என்றாள். சகலை குனிந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார்: "பதினாறு ஆ…" நிறுத்தி, மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு உதட்டில் கிளம்புவது தெரிந்தது.

என் முன்பல் இரண்டையும் நகத்தால் ஒருமுறை தட்டினேன். டொக், டொக். அவ்வளவுதான்.

"பதினாறு… ஆளுங்க பறந்திருக்காங்க போல இந்த வருஷம்" என்றார் சகலை. ஐந்து துணிக்கு முன்னால் நின்றுகொண்டு.

"இது ரெண்டாவது துணி," என்றார் தானாகவே மனைவியிடம் திரும்பி. "நல்லாப் பறந்தா ரெண்டு தடவை வெட்டுவாங்க அண்ணி." பாவம், என்னைவிட நன்றாகப் பொய் சொல்கிறார்.

ஆனால் என் மனைவியை யார் தட்டி நிறுத்துவது? அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். பிறகு டீச்சரிடம் போனாள். நான் பிஸ்கட் தட்டுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"இவர் பறந்தப்ப நீங்க கீழ நின்னு பாத்தீங்களா?"

"பார்த்தேன் மேடம்."

"பயமா இருந்துதா?"

"அவருக்கா, எனக்கா?"

"உங்களுக்கு."

"ரொம்ப. ஆனா நேரா இறங்கினார்."

டீச்சர் துணியைச் சுவரிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தார். நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். வியர்வைக் கறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

காரில் பாதி வழி வந்தாயிற்று. பிறகு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நாளைக்கு வரும்போது மாடிப்படிக்குப் பல்பு வாங்கிட்டு வாங்க. ஜூன் மாசம் கிளப்புக்கே போன் பண்ணிச் சொன்னேன். உங்க எஞ்சினைக் கழட்டி வச்சிருக்காங்க, சார் சும்மாதான் டீ குடிச்சுக்கிட்டிருக்காருன்னு அந்த அம்மா சொன்னாங்க. சும்மா இருந்தவருக்கு ஒரு பல்பு வாங்க முடியல."

கியர் மாற்றினேன். வலதுகால் தானாக அமுக்கியது. நல்லவேளை, அது பிரேக்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பல்பு வாங்கிப் போட்டேன்.

சாப்பாட்டு மேஜைமேல் வெள்ளைத் துணி இருந்தது. துவைக்கவில்லை, எழுத்து போய்விடும் என்று தேய்த்து மட்டும் வைத்திருந்தாள். அவள் வீட்டில் இல்லை. ஒரு சீட்டும் இல்லை. எனக்கா புரியாது. ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றினேன். பின்பலகையைப் பெயர்க்க லேபிலிருந்து குறடு கொண்டுவந்திருந்தேன். இரண்டரை மாதப் பொய்யை ஆணி ஆணியாகப் பிடுங்கி எடுப்பதாக ஒரு கற்பனை.

திருப்பினேன். ஆணியே இல்லை. நாலு மூலையிலும் விரலால் திருகித் திறக்கிற சின்னக் கொக்கிகள். நடுவில் கடைக்காரரின் சீட்டு ஒட்டியிருந்தது: 'ஜூன் 10. பின்னால் ஆணி வேண்டாம், திருகு கொக்கி. உள்ளே இருக்கும் துணி தற்காலிகம்.'